மூன்றாம் எண் டோக்கன்

ஏப்ரல் 3, வியாழன்

மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. காலை பத்தரை வரை கழிப்பறையில் தண்ணீர் இல்லை. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், கெபாசிட்டர் போய்விட்டது என்றார். போன மாதமும் அதுதான் போனது.

ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவில் 47 பேர், பி பிரிவில் 46. பெஞ்சுக்கு நான்கு பேர், சில பெஞ்சில் ஐந்து. இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொரு மாநகராட்சிப் பள்ளியை இடித்துக் கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் டிசம்பரில் இங்கே வந்தார்கள். எதிரே நான்கு பிளாக் அடுக்குமாடி எழும்பியதிலிருந்து, காரில் வந்து விசாரிப்பவர்களும் கூடிவிட்டார்கள். தனியார் பள்ளியில் மழலையர் வகுப்புக்கே லட்சத்துக்கு மேல் கேட்கிறார்களாம். ஏழு வருடம் முன்பு நான் தலைமையாசிரியையாக வந்தபோது, இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இங்கே ஒரு பள்ளி இருப்பதே தெரியாது.

மதியம் உதவிக் கல்வி அலுவலர் சிவப்பிரகாசம் வந்தார். எல்.கே.ஜி. அறை வாசலில் நின்று, சுவரில் வரைந்த யானையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேடம், ஒண்ணாங்கிளாஸ் புள்ளைய வேணாம்னு சொல்ல முடியாது. சட்டம். எல்கேஜிய சொல்லலாம். இந்த ரூமை ஒண்ணாங்கிளாசுக்குக் குடுத்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"முப்பது குழந்தைங்க சார். இது இல்லன்னா பாதிப் பேரு தெருவுலதான் இருக்கும்."

"சரி, முப்பது. உங்களுக்காக இந்த வருஷம் விடறேன். முப்பத்தொண்ணுன்னு ஒரு பேரைப் பாத்தேன், அப்புறம் பேச்சே கிடையாது. பூட்டி சாவியை வாங்கிட்டுப் போயிருவேன்."

சாக்பீஸ் வரவில்லை. மறுபடி எழுத வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

எல்.கே.ஜி. சேர்க்கை அறிவிப்பை என் கையாலேயே எழுதி கேட்டில் மாட்டினேன். போன வருடம் முப்பது இடத்துக்கு நாற்பத்தோரு சிபாரிசுக் கடிதம் வந்தது. இந்த வருடம் அது கிடையாது. திங்கள் காலை ஏழு மணிக்கு டோக்கன். மொத்தம் முப்பது. நேரில் வருபவருக்கு மட்டும். ஒருவருக்கு ஒரு டோக்கன். யார் கடிதமும் ஏற்கப்படாது. அடுத்த மே மாதம் ஓய்வு. கடைசிச் சேர்க்கையாவது நேராக நடக்கட்டும்.

தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள். அவள் மகள் ஷீபா இங்கிருந்து மூன்றாவது தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். குழந்தை ஜோவானாவுக்கு மூன்றரை வயது.

"வரிசையில நிக்கச் சொல்லு" என்றேன்.

"எப்படி நிப்பா? நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஆபீஸ் வண்டி கொண்டுவந்து விடவே ஏழரை ஆவுது. மாப்பிள்ளை வேலை தேடி பெங்களூர்ல கெடக்கார். ஏழு வருஷமா நீ அங்க ஹெச்.எம். எங்களுக்குன்னு ஒரு தடவை கேட்டிருப்போமா அக்கா?"

கேட்டதில்லை. அது உண்மைதான். விதி விதிதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் பேசும்போது ஆயா சகுந்தலா பக்கத்தில் பீரோ துடைத்துக்கொண்டிருந்தாள். இன்று அவள் மகனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டுமென்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். இது நான்காவது பெண்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோவில். முழங்காலுக்குத் தைலம். நாளை சீக்கிரம் வர முடியுமா என்று சகுந்தலாவுக்குப் போன் செய்து கேட்டேன். கேட் திறக்க ஆள் வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

வில்லிவாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஐந்து ஐம்பதுக்கு வந்து சேர்ந்தேன். வரிசை கேட்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை நின்றது. நான்கு மணிக்கே வந்துவிட்டார்களாம்.

அரைக்கால் சட்டையும் நடைப்பயிற்சி ஷூவுமாக நின்ற ஒருவர் சொன்னார்: "ரேஷன் கடையில கூட இந்தக் கூட்டம் இல்லீங்க."

முன்னால் நின்ற பெண் திரும்பாமலேயே சொன்னாள்: "ரேஷன் கடை எந்தப் பக்கம்னு தெரியுமா சார் உங்களுக்கு?"

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி, சிவப்பு மையில் எண் எழுதி, பள்ளி முத்திரை குத்தி வைத்திருந்தேன். சரியாக ஏழு மணிக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒருவர் கையில் ஒன்று. பேச்சில்லை, சிபாரிசு இல்லை. மூன்றாவதாகச் சகுந்தலா நின்றாள். ஏன் என்று கேட்க வாயெடுப்பதற்குள் பின்னால் தள்ளுமுள்ளு. கொடுத்துவிட்டேன்.

பதினொன்றாவது தெய்வானை. அவளைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. ஜனவரியிலிருந்து நான்கு முறை வந்து கேட்டவள். கால்வாய் ஓரக் குடியிருப்பில் வீடு. எதிர் அடுக்குமாடியில் பி பிளாக்கில் மூன்று வீட்டு வேலை. புருஷன் லோடு வண்டியில் போனால் வாரம் கழித்து வருவான். அவர்கள் பக்கத்து அங்கன்வாடி மழையில் ஒழுகி மெயின் ரோடுக்கு அந்தப் புறம் போய்விட்டது. மகள் தன்ஷிகாவை வேலைக்குக் கூடவே கூட்டிப்போகிறாள். கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு மாடிக்குப் போகிறாள். "ஒரு கண்ணு அங்கேயே இருக்கு டீச்சர்" என்று பிப்ரவரியில் சொன்னாள்.

"சந்தோஷமா?" என்றேன், அட்டையைக் கொடுக்கும்போது. தலையை மட்டும் ஆட்டினாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

ஏழு இருபதுக்கு முப்பதும் தீர்ந்தது. அதற்குப் பின்னால் ஐம்பது பேருக்கு மேல் நின்றார்கள். திட்டினார்கள். சிபாரிசுக்காரர்களின் திட்டைவிட இது பரவாயில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டோக்கன் காட்டி, படிவமும் பிறப்புச் சான்றும் கொடுக்கும் நாள். பத்து முட்டை உடைந்து வந்தது. சத்துணவு அமைப்பாளர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார்.

பதினொன்றாம் எண்ணை நீட்டியவர் தெய்வானை இல்லை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண். பெயர் நிவேதா, பி பிளாக். மகன் ரியான்ஷ்.

"இது உங்க டோக்கனா?"

"ஆமா மேம். எங்க வீட்டுல வேலை செய்யற தெய்வானை நின்னு வாங்கினா. அவளுக்கு நேத்து ஃபுல் டே லீவ் குடுத்துட்டேன். ரொம்ப சின்சியர் மேம் அவ."

அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அறிவிப்பில் 'நேரில் வருபவருக்கு' என்றுதான் எழுதியிருந்தேன். யார் வர வேண்டும் என்று எழுதவில்லை. டோக்கனில் குழந்தையின் பெயரும் எழுதவில்லை. முப்பத்தாறு வருட சர்வீஸில் எத்தனையோ பதிவேடு எழுதியிருக்கிறேன். எண் இருக்கும் இடத்தில் பெயர் இல்லாமல் எழுதியது இதுதான் முதல் முறை. படிவத்தை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் யார் நின்றது என்று கேட்டேன். டிரைவர். சமையல்காரம்மா. வாட்ச்மேன். மறுபடி வேலைக்காரம்மா.

மூன்றாம் எண் படிவம் மாலையில் வந்தது. கண்ணாடியைக் கைப்பையில் வைத்துவிட்டிருந்தேன், சரிபார்க்கவில்லை. முத்திரை மட்டும் குத்தினேன்.

ஏப்ரல் 9, புதன்

தெய்வானையை மதியம் கேட்டருகில் பார்த்தேன். கையில் இரண்டு பை. ஒன்றில் கீரை, மற்றதில் யாரோ ஒருவருடைய இஸ்திரித் துணி. உள்ளே கூப்பிட்டேன். உட்கார மாட்டேன் என்றாள்.

"ஏம்மா, உன் பொண்ணுக்குன்னு நின்னேன்னு நான் நெனச்சேன்."

"நிவேதா அக்கா நாலு மணிக்கே போயி நிக்கச் சொன்னாங்க டீச்சர்."

"அவங்களுக்கு வாங்கின, சரி. உன் குழந்தைக்கு?"

என்னையே பார்த்தாள். கோபமில்லை. நான் ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறேனோ என்று பார்த்த மாதிரி இருந்தது.

"ஒருத்தருக்கு ஒரு டோக்கன்னு நீங்கதானே எழுதி வச்சிருந்தீங்க?"

பையைக் கை மாற்றிக்கொண்டு அவளே சொன்னாள்: "முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா மூணு வூட்லயும் சொல்லிடுவாங்க. அவங்க மூணு பேரும் ஒரே வாட்ஸப் குரூப்பு டீச்சர்."

இன்னும் ஒரு இடம் போட முடியுமா என்று கேட்டாள். முப்பத்தொன்று எழுதினால் அறையே போய்விடும் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பார்க்கலாம் என்றேன். முடியாது என்பதற்கு நாங்கள் சொல்லும் சொல் அது என்று அவளுக்கும் தெரியும். "வர்றேன் டீச்சர், துணி கசங்கிரும்" என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

முப்பது படிவத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அடுத்தவர் நின்று வாங்கியது பதினொன்று.

மூன்றாம் எண்ணையும் சேர்த்து மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு.

ஏப்ரல் 15, செவ்வாய்

மோட்டார் ஓடுகிறது. மூன்றாம் வகுப்பில் இரண்டு பேருக்குப் பொன்னுக்கு வீங்கி.

டோக்கன்களை ரத்து செய்யலாமா என்று யோசித்தேன். செய்தால் பி பிளாக்கிலிருந்து மேயர் அலுவலகம் வரை புகார் போகும். பிரச்சினைக்குரிய வகுப்பு என்று எழுதி, சிவப்பிரகாசம் சந்தோஷமாகச் சாவியை வாங்கிக்கொள்வார். கால் வலிக்கிறது. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. ஆசிரியர்களை நான்கு தெருவாகப் பிரித்து அனுப்பினேன். எதிர் அடுக்குமாடியை யாரும் கேட்கவில்லை. அங்கே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நானே போனேன். வாட்ச்மேன் பெயர் ஊர் எழுதி வாங்கி, முப்பத்தைந்து நிமிடம் நாற்காலியில் உட்கார வைத்தார்.

பி பிளாக் கீழ்த்தளம். மேலே குழாய்கள், கீழே கார் நிறுத்த மஞ்சள் கோடு போட்ட கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எண். பதினான்காம் கட்டத்தில் கார் இல்லை. நடுவில் அட்டை விரித்து ஒரு பெண் குழந்தை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், ஒரு கால் இல்லாத பொம்மை.

"உன் பேரு என்ன?"

"தன்ஷிகா. கோட்டைத் தாண்டாதீங்க."

"ஏன்?"

"தாண்டினா கார் வரும். அம்மா சொல்லிருக்கு."

நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"இது யாரு எடம்?"

"பதினாலு. பதினாலு கார் வந்தா நான் பத்தொம்பதுக்குப் போவேன். பத்தொம்பது வந்தா இருவத்திரெண்டு. இருவத்திரெண்டு அங்கிள் சனிக்கெழமதான் வருவாரு."

இருபத்திரண்டு வரை எண் தெரிகிறது. எங்கள் ஒன்றாம் வகுப்பில் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வாட்ச்மேன் பின்னாலேயே வந்து நின்றார். "நல்ல புள்ளைங்க. சத்தமே போடாது. போன மாசம் ஒரு வண்டி ரிவர்ஸ் வந்தப்பகூட சத்தம் போடல. நான்தான் ஓடியாந்து இழுத்தேன்" என்றார். அதைப் பாராட்டாகவே சொன்னார்.

கணக்கெடுப்புப் படிவம் ஆறு வயதிலிருந்துதான். மூன்றரை வயதுக்கு அதில் கட்டம் இல்லை. எழுதாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சகுந்தலாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். யாரைக் கேட்டு வரிசையில் நின்றாய் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே ஞாயித்துக்கெழம போன் பண்ணி, நாலு மணிக்கு எந்திரிப்பியான்னு கேட்டீங்க? கேட்டைத் தொறக்க நாலு மணிக்கு எதுக்கு மேடம்? எனக்கென்ன எல்கேஜி படிக்கற வயசுல புள்ளையா இருக்கு?"

நாலு மணி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கலாம்.

"நம்ம ஷீபா பாப்பாவுக்குன்னு நானே புரிஞ்சுக்கிட்டேன். உங்க வாயால சொல்ல வைக்கணுமா? பதினாறு வருஷமா ஹெச்.எம். ரூம்ல வேலை பாக்கறேன்" என்றாள்.

அவளைத் திட்டியதற்கு வருத்தம் சொன்னேன். ஏற்றுக்கொண்டாளா தெரியவில்லை. டீ கொண்டுவந்து வைத்தாள், சர்க்கரை இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. ஜோவானாவின் இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்ல ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். சொன்னேன்.

"யாரோ ஒரு வேலைக்காரி புள்ளைக்காகவா?" என்றாள்.

"அவ பதினொண்ணாவதா நின்னா, ஸ்டெல்லா."

"அப்ப அந்த பதினொண்ணாம் நம்பர்காரிகிட்ட போய்க் கேளு. அவ ஃபிளாட்டுல நாலு ஏசி ஓடுது. அவகிட்ட கேக்க மாட்டே. எங்ககிட்டதான் உன் நியாயமெல்லாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மே 2, வெள்ளி

ஷீபா வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள். அடையாள அட்டை கழுத்திலேயே இருந்தது. கண் வீங்கியிருந்தது, தூக்கமில்லாததாலா, வேறு எதனாலா என்று கேட்கவில்லை.

"எங்க எழுதணும் பெரியம்மா?"

விருப்பம் இல்லை, இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று இரண்டு வரி. எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"இதுல என்ன போட?"

"சொந்தக் காரணம்னு போடும்மா."

"சொந்தம்தான் காரணம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்ததைத் தாங்க முடியவில்லை. "நாங்களும் ஒண்ணும் பணக்காரங்க இல்ல பெரியம்மா. அது உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

தெரியும் என்றேன். சகுந்தலா கொண்டுவந்த டீயை அவள் குடிக்கவில்லை.

முப்பதுக்குப் பிறகு முதலாவதாக நின்றவர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். நியாயப்படி அவரைத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பெயரையும் நான் எழுதி வைக்கவில்லை.

மே 5, திங்கள்

தெய்வானை வந்து கையெழுத்துப் போட்டாள். பிறப்புச் சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"யாரோட சீட்டு டீச்சர் இது?"

"ஒருத்தர் வேணாம்னுட்டாங்க."

"ஏன் வேணாம்னாங்க?"

"சொந்தக் காரணம்."

நம்பவில்லை. ஆனாலும் உறையை மடித்து வைத்துக்கொண்டு, "அப்ப மத்தியானம் மூணரை வரைக்கும் உள்ளயே இருக்கும்ல? கேட்டைப் பூட்டிடுவீங்கல்ல?" என்றாள். பூட்டிவிடுவோம் என்றேன். எத்தனை மணிக்குப் பூட்டுவோம், சாவி யாரிடம் இருக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள். பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆளை நிறுத்தி டோக்கன் வாங்கிய மற்ற பதினோரு பேரை நான் கூப்பிடவில்லை.

மே 19, திங்கள்

பள்ளிக்கூடம் காலி. வெள்ளையடிப்பவர்கள் யானையின் மேலும் அடித்துவிட்டார்கள். அடுத்த தலைமையாசிரியருக்கு என்று சேர்க்கை விதியைத் திருத்தி எழுதி வைத்தேன்: டோக்கன் மாலை ஐந்து மணிக்கு. குழந்தையின் பெயர் எழுதிய பிறகே தரப்படும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவருக்கு மட்டும். படித்துப் பார்த்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

ஸ்டெல்லா இன்னும் போன் எடுக்கவில்லை. ஜோவானாவை மெயின் ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் நடத்தும் நர்சரியில் சேர்த்திருக்கிறார்களாம். சகுந்தலா சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறப்பு. பாடப்புத்தகம் வந்துவிட்டது, நோட்டு வரவில்லை. ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவில் 53, பி பிரிவில் 54. இன்னும் சேர்க்கை முடியவில்லை. காலை முதல் தபாலே சிவப்பிரகாசத்திடமிருந்து: ஒன்றாம் வகுப்புக்கு மூன்றாவது பிரிவு தேவைப்படுவதால், எல்.கே.ஜி. அறை குறித்துக் காலாண்டுத் தேர்வுக்குள் முடிவெடுக்கப்படும். நகலில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எட்டே முக்காலுக்குக் கேட்டில் நின்றேன். பி பிளாக் பக்கமிருந்து தெய்வானை ரோட்டைக் கடந்து வந்தாள். வலது கையில் ரியான்ஷ், இடது கையில் தன்ஷிகா. தோளில் ரியான்ஷின் பை, கழுத்தில் அவனுடைய தண்ணீர் பாட்டில். பையன் அழுதுகொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டாள், தன்ஷிகா புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு எட்டரைக்கே மீட்டிங்காம் டீச்சர். தெனம் நானே கூட்டியாந்து விடறேன்னுட்டேன். வர்ற வழிதானே" என்றாள். இரண்டு பேரையும் உள்ளே விட்டுவிட்டு ஓடினாள்.

அறைக்குப் போய், மே மாதம் எழுதி வைத்த விதியை எடுத்து, 'குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவருக்கு மட்டும்' என்ற கடைசி வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே பீரோவில் வைத்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு எல்.கே.ஜி. அறைக்குப் போனேன். முப்பதும் அழுது ஓய்ந்திருந்தன. எல்லாரும் டீச்சரைச் சுற்றி நின்று பாட்டுப் பாட, தன்ஷிகா மட்டும் சுவரோரமாகத் தரையில் ஒரே டைல்ஸ் கட்டத்துக்குள் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அந்தக் கட்டத்தைவிட்டு நகரவில்லை, பாலுக்குக்கூட எழுந்து வரவில்லை என்றார் டீச்சர்.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். முழங்கால் மடங்கவில்லை; சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா இங்கேயே உக்காந்திருக்கே?"

என்னை அடையாளம் தெரிந்தது போலிருந்தது. சத்தம் போடாமல் கேட்டாள்:

"இந்த எடத்துக்குக் கார் வந்தா நான் எங்க போவணும்?"

"இங்க வராதும்மா" என்றேன்.